அடியில்லாக் கிடங்கைக் கடந்தவர்



குகையொன்றின் வரைபடத்தை மேசைமேல் விரித்துவைத்து, அதிலே குறிக்கப்பட்டுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்துப் பார்த்ததுண்டா? அது ஒரு தனிச் சுவை. இராட்சதனின் சவப்பெட்டி, பருத்தவன் படும்பாடு, பேராறுதல் மண்டபம், அடியில்லாக் கிடங்கு, தாரகை மண்டபம், பனியுருண்டை அறை, பிரேதக் கல் என்று அந்தப் பெயர்கள் நீண்டு செல்லும். பாட்டி சொன்ன மாயக் கதைகளில் வரும் இடங்களோ என எண்ணத் தோன்றும். ஆனால் இவை யாவும் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலே, மாமத் குகை என வழங்கும் பாதாள உலகில் உண்மையாகவே உள்ள இடங்கள். இதுவரை அளந்து குறிக்கப்பட்ட வழிகளின் நீளம் மட்டும் 420 மைலுக்கு மேல். உலகில் அறியப்பட்ட குகைகளுள் மிக நீளமானது இதுவே. 1981ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது.

இப்பெயர்களை இட்டவர் யார்? எதற்காக இப்படி இட்டார்? இன்று இந்த வினாக்களோடு சிறிது தூரம் நடந்து பார்ப்போம்.

ஓர் ஊரின் பெயருக்கும் ஒரு குகை வழியின் பெயருக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. ஊர்ப் பெயர் பல தலைமுறைகளின் நாவிலே உருண்டு திரண்டு வருவது. அதை இட்டவர் இன்னார் என்று பெரும்பாலும் சுட்டிக்காட்ட முடியாது. குகை வழி அப்படியன்று. அங்கே குடியிருப்பார் இல்லை. வெளிச்சமும் இல்லை. கையிலே விளக்குடன் முதலில் நுழைந்தவர் எவரோ, அவரது அச்சமும் களிப்பும் கேள்வி ஞானமும் நன்றிக்கடனுமே அங்கு பெயராக நிலைக்கின்றன. ஆகவே குகைப் பெயரை வாசிப்பது, அதை இட்ட மனிதரை வாசிப்பது போன்றதாகும்.

முதலிலே 'மாமத்' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். பண்டைக்காலத்தில் வாழ்ந்து மறைந்த அந்த மாபெரும் யானையின் எலும்புகள் இங்கே கிடைத்ததனால் வந்த பெயர் என்று பலர் நினைப்பதுண்டு. அது தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மக்கள் மிகப் பெரிதாயுள்ள எதையும் 'மாமத்' என்று சொல்லத் தலைப்பட்டிருந்தனர். பெரிய குகை என்பதே அப்பெயரின் பொருள். யானைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அந்த நூற்றாண்டுக்கு நெடுங்காலம் முன்னரே இக்குகைக்குள் மனிதர் சென்றிருக்கின்றனர். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அந்நிலத்தின் ஆதிக்குடிகள் நாணற் பந்தங்களைக் கொளுத்திக்கொண்டு பல மைல் தூரம் உள்ளே போய், சுவர்களிலிருந்து ஜிப்சம் என்னும் கனிப்பொருளைச் சுரண்டி எடுத்தனர். எரிந்து தீர்ந்த பந்தங்களின் துண்டுகளும், அவர்கள் விட்டுச் சென்ற மிதியடிகளும் இன்றுங் கிடைக்கின்றன. அவர்களும் இந்த வழிகளுக்குப் பெயர் வைத்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின் அப்பெயர்களில் ஒன்றேனும் நம்மை வந்து அடையவில்லை. பெயர் நிலைக்க வேண்டுமாயின் அதை இட்டால் மட்டும் போதாது. எவரோ ஒருவர் அதை எழுதிவைக்கவும் வேண்டும்.

அடுத்து வந்தவர்கள் வெடியுப்பு எடுத்தவர்கள். 1812இல் பிரித்தானியாவுடன் போர் மூண்டபோது அமெரிக்காவுக்கு வெடிமருந்து தேவைப்பட்டது. குகை மண்ணில் வெடியுப்பு இருந்தது. மண்ணை வாரிப் பெரிய மரத் தொட்டிகளில் இட்டு, துளையிட்ட மரக் குழாய்கள் வழியே நீரைக் கொணர்ந்து கரைத்தெடுத்தனர். அவ்வேலையைச் செய்தோர் பெரும்பாலும் கறுப்பின அடிமைகள். அந்தத் தொட்டிகளையும் குழாய்களையும் இன்றும் அங்கே காணலாம். போர் முடிந்து வெடியுப்பின் விலை வீழ்ந்ததும், குகை வேடிக்கை பார்க்கும் இடமாயிற்று. பெயர்களின் தேவையும் அப்போதுதான் பெருகியது.

பக்கத்துக் குகையொன்றிலே கண்டெடுக்கப்பட்ட பழங்காலப் பெண்ணொருத்தியின் உலர்ந்த உடலை இங்கே கொண்டுவந்து காட்சிக்கு வைத்தனர். உடல் இருந்த பகுதி 'பேய் மண்டபம்' எனப்பட்டது. பின்னர் உடல் போயிற்று. பேயும் போயிற்று. தூண்கள் போல நிற்கும் சுண்ணக்கற் படிவங்களைக் கண்டோருக்கு ஐரோப்பியத் தேவாலயங்கள் நினைவுக்கு வரவே, அதே இடம் 'கொதிக் வீதி' ஆயிற்று. கல் மாறவில்லை. பார்க்க வந்த கண் மாறியது. பெயரும் கூடவே மாறிவிட்டது.

இனி நமது கதாநாயகரிடம் வருவோம்.

1838ஆம் ஆண்டு பிராங்கிளின் கோரின் என்ற சட்டத்தரணி இக்குகையை விலைக்கு வாங்கினார். வழிகாட்டி வேலைக்கென்று அவர் அங்கே கொண்டுவந்தவர் ஸ்டீபன் பிஷப் என்னும் பதினேழு வயது மதிக்கத்தக்க இளைஞர். அவர் கோரினின் அடிமை. சட்டத்தின் பார்வையில் குகை எப்படியோ அப்படியே ஸ்டீபனும் ஓர் உடைமை. பிஷப் என்ற குடும்பப் பெயர் கூட, முன்னர் அவரை உடைமையாக வைத்திருந்த வெள்ளைக்கார விவசாயியிடமிருந்து வந்ததே. தமக்கெனச் சொந்தமாய் ஒரு பெயரும் இல்லாத மனிதர்தான் உலகின் மிகப் பெரிய குகைக்குப் பெயர் சூட்டப் போகிறார் என்பதை நேயர்கள் மனங்கொள்ள வேண்டும்.

அடிமைகளுக்கு எழுத்தறிவு கிட்டுவது அரிதாயிருந்த காலம் அது. ஸ்டீபன் கற்ற விதம் வியப்புக்குரியது. பார்க்க வரும் பிரபுக்கள் மெழுகுதிரிப் புகையினாலே குகையின் சுவரிலும் கூரையிலும் தங்கள் பெயர்களை எழுதுவது வழக்கம். அவர்களுக்கு விளக்குப் பிடித்து நின்ற ஸ்டீபன், அவர்கள் எழுதுவதைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக்களை அறிந்துகொண்டார் என்று சொல்லப்படுகிறது. வந்தவர்களுட் பேராசிரியர்கள் இருந்தனர், மருத்துவர்கள் இருந்தனர், பாதிரிமார் இருந்தனர். அவர்கள் தமக்குள் உரையாடியவற்றை அவர் செவிமடுத்தார். நிலவியற் சொற்களும் கிரேக்க, உரோமப் புராணங்களும் இலத்தீன் தொடர்களும் அவர் வசமாயின. அந்த நாளிலே குகையைப் பார்த்து எழுதிய பயணிகள் பலர், குகையைப் பற்றி எழுதிய அளவுக்கு இந்த வழிகாட்டியைப் பற்றியும் எழுதியுள்ளனர்.

ஸ்டீபன் வந்தபோது, அறியப்பட்டிருந்த குகை 'அடியில்லாக் கிடங்கு' என்ற இடத்தோடு ஒரு திசையில் முடிந்திருந்தது. அதன் ஆழம் உண்மையில் நூறு அடிக்குச் சற்று மேல்தான். ஆனால் கையிலுள்ள சிறு விளக்கின் ஒளி அடியைத் தொடாது. கல்லைப் போட்டால் நெடுநேரங் கழித்தே ஓசை வரும். ஆகவே அடியில்லை என்றே முடிவுகட்டி, அவ்விடத்தோடு திரும்பிவிடுவர். 1838ஆம் ஆண்டிலேயே ஸ்டீபன், அப்பால் என்ன இருக்கிறதென்று அறியத் துடித்த ஒரு பயணியுடன், அந்தக் கிடங்குக்குக் குறுக்கே மரத்தைப் போட்டு மறுகரை சேர்ந்தார். கால் தவறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தச் சில அடித் தூரத்தைக் கடந்ததனால், எந்த மனிதரும் எழுதிவைக்காத ஒரு முழு உலகம் அவர் முன்னே திறந்தது.

அதிலே ஆறுகள் ஓடின. கண்ணில்லாத வெண்மீன்கள் நீந்தின. ஓர் ஆற்றுக்கு 'ஸ்டிக்ஸ்' என்று பெயராயிற்று. இறந்தோரின் ஆவிகளை ஓடக்காரன் படகிலே ஏற்றி மறுகரை சேர்க்கும் கிரேக்கப் பாதாள நதி அது. இன்னொரு நீர்நிலை 'லீத்தே'. அதன் நீரைப் பருகியவர் முன்னை வாழ்வை அடியோடு மறப்பர் என்பது புராணம். மற்றோர் ஆறு 'எதிரொலி ஆறு'. அங்கே வழிகாட்டிகள் பாடினால், அந்தப் பாட்டைக் கற்சுவர்கள் பல குரலில் திருப்பிப் பாடும். இப்படியான பெயர்களிற் பலவற்றை இட்டவர் ஸ்டீபனே என்பர். பயணிகளைப் படகில் ஏற்றி ஸ்டிக்ஸ் ஆற்றைக் கடத்தியவரும் அவரே. கற்றறிந்த கனவான்களுக்கு அந்தப் பெயரின் நயம் உடனே விளங்கியிருக்கும். படகின் முனையில் துடுப்புடன் நிற்கும் அடிமையிடம் சில நாழிகை தங்கள் உயிரை ஒப்படைத்திருக்கிறோம் என்பதும் விளங்கியிருக்கும்.

அச்சமும் புராணமும் மட்டுமன்று, நகைச்சுவையும் உண்டு. உடம்பை வளைத்தும் நெளித்தும் செல்ல வேண்டிய மிக ஒடுங்கிய கல் இடுக்கு ஒன்றுக்கு முதலில் 'வளைந்த வழி' என்ற சாதாரணப் பெயரே இருந்தது. அது பின்னர் 'பருத்தவன் படும்பாடு' ஆயிற்று. அதைக் கடந்து வெளிவரும் விசாலமான இடத்துக்குப் 'பேராறுதல் மண்டபம்' என்று பெயர். இந்த இரண்டு பெயர்களையும் கேட்ட மாத்திரத்தே, அங்கு போகாதவருக்கும் அந்த வழி தெரிந்துவிடுகிறது அல்லவா? நல்ல பெயர் ஒரு சிறு கதை. பெயரைச் சொல்லிச் சிரிக்கவைத்தும் அஞ்சவைத்தும் இருளிலே மணிக்கணக்காக ஆட்களை நடத்திச் செல்வதே வழிகாட்டியின் தொழில். 'மணமேடை' என ஓரிடம் உண்டு. பூமியின் மேல் எந்த ஆடவனையும் மணக்கமாட்டேன் என்று தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்த பெண்ணொருத்தி, சத்தியத்தையும் காத்துக் காதலனையும் அடைய, பூமியின் கீழே வந்து மணமுடித்தாள் என்று வழிகாட்டிகள் கதை சொல்வர். கதை மெய்யோ பொய்யோ, அங்கே உண்மையாகவே திருமணங்கள் நடந்திருக்கின்றன.

'தாரகை மண்டபம்' இலக்கியத்தில் இடம்பெற்ற பெயர். கரிய கூரையிலே ஆங்காங்கு வெண்ணிறத் திட்டுக்கள். வழிகாட்டி எல்லோருடைய விளக்குகளையும் வாங்கிக்கொண்டு ஒரு பாறையின் பின்னே மறைவான். மங்கலான ஒளி கூரையிற் படும்போது நள்ளிரவு வானமும் விண்மீன்களும் தலைக்கு மேலே தோன்றும். 1850இல் இங்கு வந்த அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன் இந்தக் காட்சியில் மனம் பறிகொடுத்தார். மனித வாழ்வின் மாயத் தோற்றங்கள் பற்றி அவர் பின்னர் எழுதிய கட்டுரையை இந்த மண்டபத்து விண்மீன்களைக் கொண்டே தொடங்கினார். அந்தப் பொய் வானமே அவரைச் சிந்திக்கவைத்தது.

எல்லாப் பெயர்களும் விளையாட்டாக வந்தவையல்ல. 1839இல் டொக்டர் ஜோன் குரோகன் என்பவர் பத்தாயிரம் டொலருக்குக் குகையை வாங்கினார். அந்த வியாபாரத்தில் ஸ்டீபனும் கைமாறினார். குகையின் மாறாத காற்று கசநோயைக் குணப்படுத்தும் என்று டொக்டர் நம்பினார். 1842ஆம் ஆண்டு நோயாளிகள் பதினைந்து பேர் வரையில் குகைக்குள்ளே குடிசைகளில் தங்கவைக்கப்பட்டனர். விளக்குப் புகையும் ஈரமும் இருளும் நோயை மோசமாக்கின. சிலர் அங்கேயே மாண்டனர். அவர்களது உடல்களைக் கிடத்திய பாறையே 'பிரேதக் கல்'. கற்குடிசைகள் இரண்டு இன்றும் அங்கு நிற்கின்றன. சில ஆண்டுகளின் பின்னர், 1849இல், டொக்டரும் அதே நோயினாலேயே இறந்தார்.

அதே 1842ஆம் ஆண்டில் இன்னொரு காரியம் நடந்தது. டொக்டர் குரோகன் லூயிவில் நகருக்கு அருகேயிருந்த தமது பண்ணை வீட்டுக்கு ஸ்டீபனை அழைத்து, குகையின் படத்தை வரையுமாறு பணித்தார். அளவுக் குறிப்புகள் கையில் இல்லை. குகையும் பக்கத்தில் இல்லை. பல மைல் நீளமான வழிகளையும், கிளைகளையும், கிடங்குகளையும், ஆறுகளையும் ஸ்டீபன் நினைவிலிருந்தே வரைந்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதப்பட்டது. 1845இல் அச்சான வழிகாட்டி நூலொன்றில் அந்தப் படம் வெளியாயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதையே எல்லோரும் நம்பியிருந்தனர். வரைந்தவர் வழிகாட்டிகளுள் ஒருவரான ஸ்டீபன் பிஷப் என்று அதிலேயே பொறிக்கப்பட்டது. ஓர் அடிமையின் உழைப்பு அவரது பெயரிலேயே அச்சேறுவது அக்காலத்தில் மிக அரிது.

ஆனால் அந்தப் படத்தின் பெயர்களைக் கூர்ந்து நோக்கினால் வேறோர் உண்மையும் புலப்படும். ஸ்டீபன் கண்டுபிடித்த மாபெரும் குவிமாடம் ஒன்றுக்குக் 'கோரினின் குவிமாடம்' என்று பெயர். அது எஜமானரின் பெயர். அடுத்த எஜமானருக்குக் 'குரோகன் மண்டபம்'. ஜிப்சம் மலர்கள் பூத்துக் குலுங்கும் அழகிய வழிக்குப் பேராசிரியர் கிளீவ்லண்டின் பெயர். இன்னொரு வழிக்குப் பேராசிரியர் சிலிமனின் பெயர். முதலிற் சென்றவர் பெயரிடும் உரிமையுடையவர் என்பது குகையின் வழமை. அந்த உரிமையும் மேலே தரைக்கு வந்ததும் எஜமானருக்குக் கப்பங் கட்ட வேண்டியிருந்தது.

குரோகனின் மரண சாசனப்படி ஏழு ஆண்டுகள் கழிந்து, 1856இல், ஸ்டீபனுக்கு விடுதலை கிடைத்தது. மனைவி சார்லட்டையும் மகனையும் அழைத்துக்கொண்டு ஆபிரிக்காவின் லைபீரியாவுக்குப் போய்க் குடியேற வேண்டுமென்ற ஆசை அவருக்கு இருந்ததென்று ஒரு பயணி எழுதியிருக்கிறார். அது நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டே, 1857இல், முப்பத்தாறு, முப்பத்தேழு வயதில் ஸ்டீபன் காலமானார். குகைக்கு அருகே புதைக்கப்பட்டார். எத்தனையோ கற்களுக்குப் பெயரிட்ட அவரது புதைகுழிக்குப் பெயர் பொறித்த கல் ஒன்று இருக்கவில்லை. 1881இல், குகையைப் பார்த்துச் சென்ற மெலன் என்ற செல்வந்தர் ஒருவர் கல்லொன்றை அனுப்பிவைத்தார். அதுவும் வேறொரு போர்வீரருக்கென்று செதுக்கப்பட்டு, பணங் கொடுத்து எடுப்பாரின்றிக் கிடந்த கல். பழைய பெயரை அழித்து ஸ்டீபனின் பெயரைப் பொறித்தனர். மறைந்த ஆண்டை 1859 என்று தவறாகவும் வெட்டிவிட்டனர்.

ஸ்டீபனுக்குப் பின்னரும் பெயர் சூட்டல் ஓயவில்லை. 1908இல் ஸ்டீபனின் உறவினரான எட் பிஷப் என்ற வழிகாட்டியும் மக்ஸ் கெம்பர் என்ற ஜெர்மனியரும் கண்டுபிடித்த பகுதி, உரிமையாளர் குடும்பத்துப் பெண்மணியின் பெயரால் 'வயலட் நகரம்' ஆயிற்று. 1920களில் அயல் குகைகளின் சொந்தக்காரர்கள் உல்லாசப் பிரயாணிகளைத் தம்பக்கம் இழுக்கப் போட்டியிட்டனர். 'உறைந்த நயாகரா' போன்ற பெயர்கள் வாடிக்கை பிடிக்கும் விளம்பரங்களாயின. இந்தப் போட்டிக் காலத்தில்தான், 1925இல், புதிய வழி தேடிச் சென்ற பிளொயிட் கொலின்ஸ் மண் குகையிலே கால் சிக்குண்டு, பல நாள் மீட்பு முயற்சியும் பயனளிக்காமல் உயிரிழந்தார்.

பெயரொன்று வழிகாட்டிய கதையையும் சொல்லி முடிக்கிறேன். மாமத் குகையும் அயலிலுள்ள பிளின்ற் மேட்டுக் குகைகளும் நிலத்தடியிலே ஒன்றாக இணைகின்றனவா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் தேடினர். 1972இல், பற்றீசியா குரொவ்தர் என்ற பெண்மணி மிக ஒடுங்கிய ஓர் இடுக்கினூடாகத் தம் மெல்லிய உடலை நுழைத்து மறுபக்கஞ் சென்றார். 'இறுக்கமான இடம்' என்பதே அவ்விடத்தின் பெயர். அதற்கும் அப்பாலே சென்றபோது, எவரும் கால்வைத்திராத இடமென்று நினைத்த சுவரிலே, அம்புக்குறியுடன் ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தது. பீற் ஹான்சன் என்ற மாமத் குகை வழிகாட்டி பல ஆண்டுகளுக்கு முன் எழுதிவிட்டுப் போன பெயர் அது. ஆகவே வழி உண்டு! அந்த ஆண்டு செப்டெம்பர் 9ஆந் திகதி, ஜோன் வில்கொக்ஸ் தலைமையில் அறுவர் நெஞ்சளவு நீரில் நடந்து சென்று, உல்லாசப் பிரயாணிகளுக்கென மாமத் குகையில் கட்டியிருந்த கைப்பிடிக் கம்பியைக் கண்டனர். இரு குகைகளும் ஒன்றாயின. அந்த நீர்வழிக்கு 'ஹான்சனின் தொலைந்த ஆறு' என்று பெயர். இம்முறை பெயர் எஜமானருக்குப் போகவில்லை. வழிகாட்டிக்கே கிடைத்தது.

1941இல் குகை தேசியப் பூங்காவானபோது கறுப்பின வழிகாட்டிகளின் நூறாண்டுத் தொடர் அறுந்தது. ஸ்டீபனோடு அடிமையாய் வேலை செய்த மற் பிரான்ஸ்போர்டின் வழித்தோன்றல் ஒருவர் 2004இல் மீண்டும் அங்கே வழிகாட்டியானார். மெழுகுதிரிப் புகையால் ஸ்டீபன் எழுதிய தம் பெயரும் இன்றுவரை சுவரில் அழியாதிருக்கிறது.

மறதியின் ஆறாகிய லீத்தேயைத் தம் படத்திலே குறித்தவர், அந்தப் படம் முழுவதையும் நினைவிலிருந்தே வரைந்தவர். எஜமானர்களின் பெயர் தாங்கிய மண்டபங்களைப் பார்க்கப் போகிறவர்களும் இன்று முதலிற் கேட்பது ஸ்டீபன் பிஷப்பின் கதையைத்தான். அடியில்லாக் கிடங்குக்கு அடி உண்டென்பது எப்போதோ தெரிந்துவிட்டது. எனினும் அந்தப் பெயரை எவரும் மாற்றவில்லை. அடி உண்டா இல்லையா என்று அறியாமலே அதைக் கடந்த ஓர் இளைஞரின் நெஞ்சுரத்தை அந்தப் பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.